தும்பிக்கை கணக்கில் சேராது

1. சட்டையைப் பிடித்த நாள்

காசிநாதன் முதலாளி மோகன் முதலாளியின் சட்டையைப் பிடித்தது ஒரு பிள்ளையாருக்காக. இது நடந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில், விருத்தாசலம் பீங்கான் பேட்டையில்.

சின்னக் கம்பெனிகளுக்குப் பொதுவாக அங்கே ஒரு சூளை இருந்தது. நீளமான சுரங்கம் மாதிரி இருக்கும். காய்ந்த, இன்னும் சுடாத பச்சைப் பொம்மைகளை டிராலியில் அடுக்கி இந்த வாயில் தள்ளினால், வெந்து அந்த வாயில் வெளியே வரும். அடுக்குவதும் தள்ளுவதும் என் வேலை.

காசிநாதன் இரண்டடிப் பிள்ளையார் செய்தார். அதைப் பார்த்து மோகன் இரண்டரை அடி செய்தார். காசிநாதன் மூன்றடிக்கு மோல்டு போட்டார். ஒரு டிராலியில் ஒரே பிள்ளையார் மகாராஜா மாதிரி உட்கார்ந்து போனார். மூன்றாவது கம்பெனி ராஜலட்சுமி அக்காவுடையது. அவர் சாண் உயரக் கொலுப் பொம்மைகள்தான் செய்வார். அவருடைய சரக்கு பலகையிலேயே காத்துக் கிடந்தது. நவராத்திரிக்கு முன்னால் சென்னை லாரியில் ஏறாவிட்டால் கொலுப் பொம்மையை யார் வாங்குவார்கள்? ஒரு வருட உழைப்பு முடங்கிவிடும்.

"யோவ், என் டிராலிய எறக்கிட்டு உன் புள்ளையார ஏத்துறியா?" என்றார் காசிநாதன்.

"சட்டைய வுடுண்ணே. புதுச் சட்டை" என்றார் மோகன்.

நான் டிராலிக்குப் பின்னால் நின்றுகொண்டேன். கூட்டத்தில் பேச எனக்கு வராது.

2. ஐந்து, ஐந்து, மூன்று

சண்டையை விலக்கியது செல்வம். காசிநாதனின் மச்சான். வீட்டில் அடிக்கடி கரண்டு போய்விடும் என்று சூளைக் கொட்டகையில் உட்கார்ந்து சர்க்கார் பரீட்சைக்குச் சத்தம் போட்டுப் படிப்பான். அன்று உலகச் சரித்திரத்தில் இருந்தான்.

"மாமா, இதே கூத்து மொத உலகப் போருக்கு அப்புறம் நடந்துக்குது. நீ பெரிய கப்பல் கட்டுனா நான் அதைவிடப் பெரிசு கட்டுவேன்னு ஒவ்வொரு நாடும் காச அழிச்சாங்க. கடைசியில வாஷிங்டன்ல உக்காந்து ஒப்பந்தம் போட்டாங்க. ஒரு போர்க்கப்பல் முப்பத்தஞ்சாயிரம் டன்னுக்கு மேல போவக் கூடாது. அமெரிக்காவுக்கு அஞ்சு பங்கு, இங்கிலாந்துக்கு அஞ்சு, ஜப்பானுக்கு மூணு. பிரான்சு, இத்தாலிக்கு ஒண்ணே முக்கால்."

"ஒண்ணே முக்கால் கப்பலு எப்படிடா மெதக்கும்?" என்றார் மோகன்.

"அது மொத்த எடையில பங்குண்ணே."

"பாதி கட்டுன கப்பல என்னா பண்ணாங்க?"

"நெறைய உடைச்சிட்டாங்க."

இது இரண்டு முதலாளிகளுக்கும் பிடித்துப்போனது. அமெரிக்காவும் இங்கிலாந்தும் செய்ததைத் தாங்களும் செய்வதில் அவர்களுக்கு ஒரு கௌரவம். கொட்டகைச் சுவரில் செல்வம் சாக்பீஸால் எழுதினான். எந்தப் பொம்மையும் ஓரடிக்கு மேல் கூடாது. அப்போதுதான் டிராலியில் இரண்டு அடுக்கு வரும். ஒரு நாளைக்குக் காசிநாதனுக்கு ஐந்து டிராலி, மோகனுக்கு ஐந்து, அக்காவுக்கு மூன்று. சூளையில் ஏறக் காத்திருந்த மூன்றடிப் பிள்ளையாரை உடைத்து மண் கரைசல் தொட்டியில் போட்டோம். சுடாத மண் என்பதால் அவர் மறுபடி கரைந்துவிட்டார். கப்பலுக்கு இந்த வசதி கிடையாது.

அக்கா சுவரைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "எனக்கு மட்டும் ஏன் மூணு? நான் என்னா ஜப்பானா?"

"ஜப்பான்காரனும் இதையேதாங்க்கா கேட்டான்" என்றான் செல்வம்.

3. யானை வந்தது

ஒப்பந்தம் ஒரு வாரம் ஒழுங்காக நடந்தது. அடுத்த வாரம் காசிநாதன் யானை செய்தார். முதுகு சரியாக ஓரடி. தும்பிக்கை மட்டும் அதற்கு மேல் ஒரு சாண் தூக்கி நின்றது.

மோகன் ஸ்கேலோடு வந்தார். "அண்ணே, இது ஒண்ணே முக்கால் அடி வருது."

"தும்பிக்கை கணக்குல சேராது."

"இது எந்த ஊரு நாயம்?"

"வாஷிங்டன் நாயம். கேளு, செல்வத்த."

செல்வம் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துத் தலையைச் சொறிந்தான். அந்த ஒப்பந்தத்திலும் கப்பலின் எடையைப் போடும்போது எரிக்கிற எண்ணெயையும் பாய்லருக்கான தண்ணீரையும் சேர்ப்பதில்லையாம். அன்று மாலையே மோகன் கிருஷ்ணர் செய்ய ஆரம்பித்தார். மயில்பீலி கணக்கில் சேராது. பீடம் தனி.

நவராத்திரி நெருங்கியது. ஒரு காலையில், காய்ந்த யானைகளை முதல்முறையாக ஏற்றிய காசிநாதனின் டிராலி முதலில் நின்றது. அதன் பின்னால் அக்காவின் மூன்று டிராலிகள். மாலைக்குள் அவை உள்ளே போனால்தான் வெந்து, ஆறி, லாரியைப் பிடிக்கும். சூளை வாய்க்கு முன்னால் ஓர் இரும்புச் சட்டம் உண்டு. அதில் இடிக்காத டிராலிதான் உள்ளே போகலாம். மேல் அடுக்கு யானைகளின் தும்பிக்கைகள் சட்டத்துக்கு மேலே நின்றன. நான் தள்ளுவதை நிறுத்தினேன்.

"தள்ளுடா, லேசா ஒரசும், அவ்வளவுதான்" என்றார் காசிநாதன்.

உள்ளே ஒரு யானை சரிந்து தண்டவாளத்தில் விழுந்தால் மொத்தச் சூளையும் நிற்கும். மறுபடி சூடேற்ற நாள்கணக்காகும். டிராலியின் கைப்பிடியை விடாமல் பிடித்துக்கொண்டேன்.

அக்கா வந்தார். யானையைச் சுற்றிப் பார்த்தார்.

"அண்ணே, தும்பிக்கை கணக்குல இல்லன்னு நீங்கதான சொன்னீங்க?"

"ஆமாம்மா. அதுக்கென்னா?"

"அப்ப அத உடைச்சு வச்சுட்டு மிச்சத்த ஏத்துங்க. கணக்குல இல்லாதது போனா என்னா நட்டம்?"

மோகன் சிரித்த சிரிப்பில் கையில் இருந்த டீ கொட்டியது. "என்னாத்துக்குச் சிரிக்கிறீங்க தம்பி? மயிலிறகும் அப்படித்தான்" என்றார் அக்கா. சிரிப்பு நின்றது.

காசிநாதன் ஒரு தும்பிக்கையைத் தடவிப் பார்த்தார். தும்பிக்கை இல்லாத யானையை விற்க முடியாது என்பது அவருக்குத் தெரியும். "எறக்குடா" என்றார். நான் இறக்கி முடிப்பதற்குள் அக்காவே தன் டிராலியை வாய்க்குத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். அவருடைய பொம்மைகள் லாரியில் ஏறின.

பிறகு சுவரெழுத்தை அழித்துவிட்டார்கள். வந்தவர் வரிசைப்படி ஒருவருக்கு ஒரு டிராலி, உயரத்துக்கு அந்த இரும்புச் சட்டம் மட்டும் என்று வைத்துக்கொண்டோம். சட்டத்துக்கு வாஷிங்டன் தெரியாது. அடுத்த வாரம் காசிநாதனின் யானைகள் எல்லாம் தும்பிக்கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தன.

புதிதாகச் சூளை வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். யார் அளவு போட்டாலும், எதைச் சேர்த்தார்கள் என்று பார்க்காதீர்கள். எதை விட்டார்கள் என்று பாருங்கள்.

அந்த ஐந்து நாடுகள் கடைசியில் என்ன செய்தன என்று செல்வத்திடம் ஒருநாள் தனியாகக் கேட்டேன். புத்தகத்தைத் திருப்பி அடுத்த பாடத்தின் தலைப்பைக் காட்டினான்.

இரண்டாம் உலகப் போர் என்று போட்டிருந்தது.