வ. புதுப்பட்டியில் வாங்கிய வண்டி

“வண்டிகிட்ட உக்காந்துதான் தலை சீவணுமா, ஷிஃபா?”

அத்தா என்னிடம் அப்படிக் கேட்டபோது அவர் விரலில் ஒரு முடி தொங்கியது. என் முடி தோளைத் தாண்டாது. அந்த முடியோ அவர் இடுப்பிலிருந்து முழங்கால் வரை ஆடியது.

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். இது ராஜபாளையத்தில், எங்கள் ஷெட்டில், நல்ல வெயிலில் நடந்தது. நான் கூட்டியும் எழுதவில்லை, குறைத்தும் எழுதவில்லை.

அத்தா அபுதாஹிர் பழைய மினி டிராக்டர்களை வாங்கி, மண் அள்ளும் லோடரோடு சரிசெய்து தோப்புக்காரர்களுக்கு விற்பவர். மெக்கானிக் சமுத்திரம் அண்ணன். பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற பிறகு எனக்கும் அங்கே ஒரு வேலை கிடைத்தது. வண்டிக்குப் பின்னால் சுற்றும் ஷாஃப்டைச் சுத்தம் செய்வது. கயிறும் புல்லும் சாக்கு நூலும் அதில் சுற்றி இறுகியிருக்கும். பிளேடால் அறுக்க வேண்டும். அறுத்தது, கழற்றியது எல்லாம் அந்த வண்டியின் லோடர் பக்கெட்டிலேயே கிடக்கும். விற்கும்வரை எதையும் வெளியே கொட்டக்கூடாது. நட்டு போல்ட்டு தொலைந்துவிடும் என்று அத்தா வைத்திருந்த பழக்கம்.

வ. புதுப்பட்டி வண்டியின் ஷாஃப்டில் கயிறு இல்லை. முடி இருந்தது.

கிரீஸில் ஊறிக் கட்டியாகியிருந்தது. அறுத்தேன். சில முடிகளின் அடியில் வெள்ளையாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. அது தோல் என்று புரிந்ததும் வாந்தி எடுத்தேன். சாணி, செத்த எலி, புளித்த ஆயில் எதற்கும் நான் முகம் சுளித்ததில்லை. வேறு வழியில்லாமல் அதையும் பக்கெட்டில்தான் போட்டேன்.

மறுநாள் காலை, ஷாஃப்டில் மறுபடியும் முடி.

இந்தமுறை கிரீஸ் இல்லை. புதிதாக எண்ணெய் தேய்த்த முடி. தேங்காய் எண்ணெய் வாசம்... அதற்கடியில் சீழ் வாடை. உள்ளே சிக்கியிருந்தது வெளியே வருகிறது என்றார் சமுத்திரம் அண்ணன். சொல்லிவிட்டு அந்தப் பக்கமே வரவில்லை.

மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்தேன். சோற்றில் ஒரு முடி. இழுத்தேன். சோறு முழுவதும் அதோடு சேர்ந்து எழுந்தது.

அந்த வண்டியை விலை பேசி வைத்திருந்தது மம்சாபுரம் ஜூடி அக்கா. கணவர் ஜெபினோடு நாற்றுப் பண்ணை தொடங்கியிருந்தார். ஓட்டப்போவது அக்காவேதான். பார்க்க வந்த அன்றே சீட்டில் ஏறி உட்கார்ந்து, “இனிமே நான்தான் டிரைவர். இவுக எனக்கு கிளீனர்” என்று ஜெபின் அண்ணனைச் சீண்டினார். அக்காவின் நீளச் சடை சீட்டுக்குப் பின்னால் விழுந்து, ஷாஃப்டுக்கு நேராக ஆடியது.

வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். வாய் வரவில்லை. வெளியாள் முன்னால் நான் பேசியதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்து ஓட்டிப்போவதாகச் சொல்லிப் போனார்கள்.

வெள்ளிக்கிழமை. அத்தா ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்தார். சமுத்திரம் அண்ணன் சாப்பிடப் போயிருந்தார். லோடரின் பழைய ஆயில் ஓஸைக் கழற்றி வைக்கும் வேலை எனக்கு.

மணி ஒன்று பத்து.

நட்டைத் தளர்த்தினேன். ஆயில் வரவில்லை.

முடி வந்தது.

விரல் தடிமன் ஓஸ். இரண்டு முனையிலும் இரும்பு நட்டு. அதற்குள் எப்படி...

இழுத்தேன். வந்தது. இழுக்க இழுக்க வந்தது. காலடியில் குவிந்தது. ஈரமாக... வெதுவெதுப்பாக...

சளக்... சளக்...

நின்றது.

பலமாக இழுத்தேன்.

உள்ளேயிருந்து...

யாரோ திருப்பி இழுத்தார்கள்.

அத்தா வந்தபோது நான் ஷெட் வாசலில் உட்கார்ந்திருந்தேன். அவர் போய்ப் பார்த்தார். ஓஸில் ஆயில்தான் இருந்தது. தரையில் ஒரே ஒரு முடி. அதை எடுத்து வந்துதான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அத்தா சாவியை ஜூடி அக்காவின் கையில் கொடுத்தார்.

“வேண்டாங்க்கா” என்றேன்.

அத்தா முறைத்தார். ஏன் என்று அக்கா கேட்டார். நான் அக்காவின் சடையையே பார்த்தேன். ஜெபின் அண்ணன் சிரித்தார்.

அப்போதுதான் சமுத்திரம் அண்ணன் வந்தார். லோடரில் ஒரு இரும்புப் பின் குறைந்ததால், விற்றவரிடமே கேட்டு வாங்க வ. புதுப்பட்டிக்குப் போயிருந்தார். பின்னை பெஞ்சில் வைத்தார்.

“பாய், வித்தவரு சம்சாரத்துக்கு இந்த ஷாஃப்டுல முடி சிக்கி, தோலோட உரிஞ்சு போயிருக்கு. ரெண்டு வருசம் ஆச்சாம்.”

“மவுத்தாயிட்டாவளா?”

“இல்ல பாய். உசிரோடதான் இருக்காவ. கண்ணால பாத்துட்டு வாரேன். தலையில ஒத்த முடி கிடையாது. வெறும் தழும்பு.”

வண்டியை விட்டு ஓரடி தள்ளி நின்றுகொண்டு மேலும் சொன்னார்.

“முந்தாநாள் ஜும்ஆ நேரம், சோறு தின்னுக்கிட்டு இருந்தவிய... எவளோ எம் முடியப் புடிச்சு இழுக்கான்னு கத்துனாவளாம். ஒன்னுமில்லாத எடத்தப் புடிச்சுக்கிட்டு... இவியளும் திருப்பி இழுத்தாவளாம்.”

அத்தா என்னைப் பார்த்தார்.

ஜூடி அக்கா சடையை முன்னால் எடுத்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். சாவியைப் பெஞ்சில் வைத்தார். ஜெபின் அண்ணன் பின்னாலிருந்து கூப்பிட்டார். அக்கா திரும்பவில்லை. வெயிலில் இறங்கி ரோட்டைப் பார்த்து நடந்துபோனார்.