முட்டியில் ஒரு மீன்

சென்ற வாரம் மகள் ரூபி பெங்களூரிலிருந்து வந்து இறங்கியபோது அவளுடைய ஜீன்ஸில் இரண்டு முட்டியும் கிழிந்திருந்தன. பேருந்தில் எங்கேயாவது மாட்டிக்கொண்டாளோ என்று குனிந்து பார்த்தேன்.

"டிசைன்ப்பா. கடையிலயே இப்படித்தான் விக்குதான்," என்றாள்.

வண்ணார்பேட்டைக் கடைகளில் பொம்மைகளுக்கே அப்படி மாட்டி நிறுத்தியிருப்பது மறுநாள்தான் என் கண்ணில் பட்டது. ஆனாலும் அன்று அவள் குளிக்கப் போனதும் ஊசிநூல் டப்பாவைத் தேடி எடுத்துவிட்டேன். பழைய பழக்கம்.

பிஸ்கட் டப்பா அது. திறந்தால் துருப்பிடித்த ஊசியும் அந்துருண்டையும் கலந்த வாசனை. துணித் துண்டுகளுக்கு அடியில் வெள்ளைச் சட்டைப் பொத்தான் ஒன்று கிடந்தது. அது ஒரு மீனுக்குக் கண்ணாக இருந்த பொத்தான்.

பாளையங்கோட்டையில் எந்தக் கல்லறைக் கல்லில் எந்த வருடம் வெட்டியிருக்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன் என்பது நண்பர்கள் என்னைப் பண்ணுகிற கேலி. அப்படிப்பட்டவன் சொந்த வீட்டுப் புகைப்படங்களில் தேதி எழுதத் தவறிவிட்டேன். அவற்றை ரூபியின் முட்டியைப் பார்த்துத்தான் வரிசைப்படுத்துகிறேன். சின்ன வயதில் அவள் ஜீன்ஸ் கிழிசலில் நான் தைத்த கிளி ஒட்டு முதலில், பிறகு கத்தரிக்காய், கடைசியாக மீன். என் மனைவி மேபல் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருக்கும் படங்கள் கத்தரிக்காயோடு முடிகின்றன.

அந்த ஜீன்ஸை ஒரு கிறிஸ்துமஸுக்கு மேபல்தான் எடுத்தாள். வளருகிற பிள்ளை என்று ஒரு அளவு பெரிதாக எடுத்து, காலை மடித்துவிட்டாள். மடிப்பைப் பிரிக்கும் முன்பே ஆஸ்பத்திரியும் கட்டிலுமாக ஆகிவிட்டாள். முட்டி கிழிந்ததும் வேறு வாங்கித் தருகிறேன் என்றேன். அம்மா எடுத்ததுதான் வேண்டும் என்று ரூபி நின்றாள். அதனால் நான் தைக்கக் கற்றுக்கொண்டேன். கட்டிலில் படுத்தபடி மேபல் சொல்லச் சொல்ல, பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு தைப்பேன்.

"பையத் தையுங்க. நூல முறுக்காதீய."

பக்கத்து வீட்டு அண்ணாச்சி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார். "என்ன வே, ஆபீஸ்ல பைல் தூக்குத கையில ஊசிய எடுத்துட்டீரு? நம்ம வேட்டிக்கும் ஒரு மயில் தச்சுத் தாரும்."

மேபல் சிரித்தாள். சிரித்தால் வலிக்கும் என்பதால் விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

மீனைத் தைத்து முடித்ததும் அவளிடம் காட்டினேன். "கண்ணு எங்க? குருட்டு மீனால்லா இருக்கு," என்றாள். என் பழைய சட்டையிலிருந்து பொத்தானை அறுத்துக் கண் வைத்தேன்.

எப்படித்தான் கிழிகிறதோ என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். "எங்கனலா விழுந்த?" என்று கேட்டால், "விழலப்பா," என்பாள். இரண்டு முட்டியிலும் ஒரே உயரத்தில், நூல் வெளுத்துப் பஞ்சாகித்தான் ஓட்டை விழும். முழங்கால் போட்டுத் தேய்ந்திருக்கும் என்று மட்டும் எனக்குத் தோன்றவில்லை. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் சிமெண்ட் தரையில் முழங்கால் போட்டுச் செய்கிற குடும்ப ஜெபம் எங்கள் வீட்டில் நின்றுபோயிருந்தது. பாட்டை எடுத்துக்கொடுப்பவள் மேபல். அவள் படுத்த பிறகு யாரும் தொடங்கவில்லை.

ஒரு நாள் ரூபி என் காதோரம் வந்தாள்.

"அப்பா, மீனுக்குக் கண்ணு வேண்டாம்ப்பா. முழங்கால்ல நிக்கையில குத்துது."

"எங்கன நிக்க?"

"அரிசி வச்சிருக்க ரூம்ல. அம்மாட்ட சொல்லாதீங்க."

"எவ்வளவு நேரம் நிப்ப?"

"எல்லாத்தையும் சொல்லி முடிக்கிற வரைக்கும்."

டாக்டர் இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்பதை என்னிடம் மட்டும் சொல்லியிருந்த நாட்கள் அவை. இனி நிற்காதே என்று சொல்வதா, இன்னும் கொஞ்ச நேரம் நில் என்று சொல்வதா? பொத்தானை அறுத்தெடுத்தேன். அந்த இடத்தில் கறுப்பு நூலால் தட்டையாக ஒரு கண் தைத்தேன். பிறகு பழைய டர்க்கி டவலை வெட்டி, இரண்டு முட்டிக்கும் உட்புறம் மெத்தென்று ஒரு அடுக்கு வைத்தேன். என் கையால் ஆனது அவ்வளவுதான்.

மேபல் கண்டுபிடித்துவிட்டாள். "கண்ணு எங்க போச்சு?"

"உதிர்ந்துட்டு."

"ஒழுங்கா முடிச்சுப் போட்டாத்தானே," என்றாள்.

பள்ளிக்கூடக் கோடை விடுமுறை தொடங்கும் முன்பே அவள் போய்விட்டாள்.

அடுத்த கிழிசலுக்கென்று நான் ஒரு யானையை வெட்டித் தயாராக வைத்திருந்தேன். ரூபி அதே ஜீன்ஸைத்தான் மாட்டிக்கொண்டு திரிந்தாள். காலின் மடிப்பைப் பிரித்துவிட்டேன். பிறகு அதுவும் கணுக்காலுக்கு மேலே ஏறிற்று, இடுப்பு பற்றாமல் போயிற்று. துவைக்கப் போடும்போதெல்லாம் முட்டியைத் தடவிப் பார்ப்பேன். தேயவே இல்லை. மீனின் கண்ணில் கறுப்பு நூல் அப்படியே இருந்தது.