எந்தப் பக்கம்?

போன வருடம் வைகாசியில், மதுரையில் ஓர் உள்விளையாட்டு அரங்கில் நடந்தது இது. மாநில அளவிலான பெண்கள் குத்துச்சண்டையின் இறுதிப் போட்டி. எங்கள் விருதுநகர் மாவட்டத்திலிருந்து ஒரு வேன் நிறையப் போயிருந்தோம்.

எனக்கும் குத்துச்சண்டைக்கும் சம்பந்தமில்லை. சூலக்கரையில் அரசு அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஒரு மனு எந்த மேசையில் எவ்வளவு காலம் தூங்கும், அதை எப்படித் தட்டி எழுப்புவது என்பதுதான் என் வாழ்நாள் வித்தை. அதற்காகவே பயிற்சியாளர் என்னை அணி மேலாளராக்கி அழைத்துப் போனார். போவதற்குள் விதிப்புத்தகத்தை முழுக்கப் படித்து, நடுவர்களையே திருத்தும் நிலைக்கு வந்திருந்தேன். அதனால் அவர்களுக்கு என்மேல் பெரிய பிரியம் ஒன்றும் வந்துவிடவில்லை.

எங்கள் பெண் தாயில்பட்டிக்காரி. அப்போதுதான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தாள். மாநிலப் பட்டத்துக்காக அவள் மேடை ஏறியது அதுவே முதல் முறை. ஜெயித்தால் மாநில அணி. அதோடு விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரியும் தேடி வரும். தோற்றால் அவள் அம்மா வேலை பார்க்கும் பட்டாசு ஆலையிலேயே அவளுக்கும் ஓர் இடம் தயாராக இருந்தது. அம்மா அன்று லீவு போட்டுவிட்டு என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

முதல் சுற்று எங்களுடையது. இரண்டாவதில் எதிராளி சமாளித்துக்கொண்டாள். கடைசிச் சுற்றில் எங்கள் பெண் அவளைக் கயிற்றோரம் தள்ளிக்கொண்டு போனாள். வேனில் வந்தவர்கள் எழுந்து நின்று கத்தினார்கள்.

அப்போது வெளியே 'டமார்' என்று ஓர் அதிர்வேட்டு. பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை அழைப்பு. அதுவும் எங்கள் பக்கத்துச் சரக்காகத்தான் இருந்திருக்கும்.

எங்கள் ஊர்ப்பக்கம் ஒற்றைச் சத்தம் பெரிதாகக் கேட்டால் யாரும் 'என்ன சத்தம்' என்று கேட்பதில்லை. 'எந்தப் பக்கம்' என்றுதான் கேட்பார்கள். கேட்கும்போதே தலை புகையைத் தேடித் திரும்பியிருக்கும். எந்தப் பக்கம் புகை எழுகிறது என்று தெரிந்துவிட்டால், எந்த ஆலை வெடித்தது, யார் வீட்டு ஆள் அங்கே வேலைக்குப் போயிருக்கிறார் என்பதும் தெரிந்துவிடும்.

நானும் சன்னலைப் பார்த்தேன். கண்ணாடிக்கு வெளியே வெறும் வானம். திரும்பிப் பார்த்தபோது எங்கள் பெண் தரையில் கிடந்தாள்.

நடுவர் எட்டு வரை எண்ணுவதற்குள் எழுந்துவிட்டாள். மீதி நேரத்தையும் நின்று ஆடினாள். ஆனால் கை உயர்த்தப்பட்டது எதிராளிக்கு.

எனக்கு இதுதான் சமயம். மேல்முறையீடு எழுதிக்கொண்டு போய் நின்றேன். வெளிச் சத்தத்தால் கவனம் சிதறியது, அந்த நிலையில் விழுந்த அடி செல்லாது என்பது என் வாதம். நடுவர் குழுத் தலைவர் பொறுமையாகப் படித்தார். அடி எப்படி விழுந்தது என்று நேரில் பார்த்தீர்களா என்று கேட்டார். நான் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்ததைச் சொன்னேன். உங்கள் ஆட்களில் வேறு யாராவது? வேனில் வந்த அத்தனை பேரையும் விசாரித்தேன். பாவிகள், ஒருவர் பாக்கியில்லாமல் சன்னலைத்தான் பார்த்திருக்கிறார்கள். முப்பது வருடப் பணியில் இப்படி ஒரு சாட்சிக் கூட்டத்தை நான் கண்டதில்லை.

உடை மாற்றும் அறைக்கு வெளியே அவள் கன்னத்தில் ஐஸ் வைத்து உட்கார்ந்திருந்தாள். அம்மா ஆற்றாமல் கேட்டார்: "ஏ புள்ள, நான்தான் இங்கன இருக்கேன்ல. அப்புறம் எதுக்குத் திரும்புன?"

"நீ இங்கன இருக்க. மத்தவுக அம்மா எல்லாம் அங்கனதான இருக்காக."

"கூறுகெட்டவளே, இது மதுரை."

"தலை திரும்புனப்புறந்தாம்மா மதுரைன்னு ஞாபகம் வந்துச்சு."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணும் கலங்கியிருந்தது. நான் என் மேல்முறையீட்டைப் பற்றி ஆரம்பித்தேன். அவள் விடவில்லை. "அதைக் கிழிச்சுப் போடுங்க சார். அவ அடிச்சது நல்ல அடி" என்றாள்.

அடுத்த முறை காதில் பஞ்சை அடைத்துத்தான் மேடை ஏற்றுவேன் என்று பயிற்சியாளர் எரிச்சலோடு சொன்னார். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "திரும்பாம இருக்க எனக்கு வராது சார். கையை இறக்காம திரும்பப் பழகிக்கிடுறேன்."

வெற்றி பெற்றவர்களைத்தான் கல்லூரி தேடி வரும். இரண்டாம் இடத்துக்காரர் தேடிப் போக வேண்டும். ஆனால் போனால் இடமுண்டு. தேடிப் போவது என் துறை. ஆடி பிறந்து சில நாட்களில் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். ஆலைக்கு அம்மா மட்டும்தான் போகிறார்.

இப்போது மாலைப் பயிற்சியில் பயிற்சியாளர் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு தகரத்தை ஓங்கித் தட்டுகிறார். அவள் தலை சட்டென்று திரும்புகிறது; கைகள் முகத்தை விட்டு இம்மியும் நகர்வதில்லை. இந்த வருட மாவட்டத் தேர்வுப் போட்டியிலும் ஜெயித்துவிட்டாள்.

பட்டம் கைக்கு எட்டிய நொடியிலும் யார் வீட்டில் என்ன ஆயிற்றோ என்று பார்க்கத் திரும்பிய அந்த முகத்தை நினைக்கும்போதெல்லாம், எந்த விதியிலும் எழுதிவைக்க முடியாத ஒன்றை அன்று கண்ணால் பார்க்கத் தவறியும் நன்றாகவே தெரிந்துகொண்டேன் என்று தோன்றுகிறது.