ஓடு என்று கேட்ட சொல்

முதல் வருடம் யோகராணி ஓடிய ஓட்டத்தை நேரில் பார்த்தவர்கள் இப்போதும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். கையில் இருந்த தேநீர்க் கோப்பையை எறிந்துவிட்டு, புல்வெளியைத் தாண்டி, கார்கள் நிறுத்தியிருந்த இடம் வரைக்கும் ஓடிப்போய் ஒரு வான் வண்டிக்குப் பின்னால் குந்திக்கொண்டாள். துரத்தியது யாரும் இல்லை. களத்தில் சண்டை பிடித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் அந்த நேரத்தில் ஒற்றை முழங்காலில் அசையாமல் இருந்தார்கள்.

ரொறன்ரோவிலும் சுற்றுவட்டாரத்திலும் இடைக்கால ஐரோப்பாவை விளையாடுகிற கூட்டம் ஒன்று உண்டு. வார நாட்களில் கணக்காளர்களாகவும் தாதிமாராகவும் பார ஊர்தி ஓட்டுபவர்களாகவும் இருப்பவர்கள், கோடைச் சனிக்கிழமைகளில் கவசம் பூட்டிக்கொண்டு, பிரம்பில் செய்த வாளால் ஒருவரை ஒருவர் மொத்துவார்கள். சண்டை பிடிக்காதவர்கள் கூடாரம் போட்டு நெசவு நெய்வார்கள், தோல் தைப்பார்கள். யோகராணியின் மகள் நிலாணி, பல் வைத்தியர் ஒருவரிடம் வேலை செய்கிற பெண், அந்தக் கூட்டத்தில் போய்ச் சேர்ந்தாள். பிள்ளையின் எலும்பு முறிகிறதா இல்லையா என்று பார்க்கத்தான் யோகராணி போனாள்.

அங்கே ஒரு விதி இருக்கிறது. யாருக்காவது ஆபத்து என்று கண்டால் எவரும், களத்தில் நிற்பவரோ வேடிக்கை பார்ப்பவரோ, ‘ஹோல்ட்’ என்று கத்தலாம். நிறுத்து என்று அர்த்தம். கேட்ட மறுகணம் எல்லோரும் அப்படியே முழங்காலில் இருந்துவிட வேண்டும். அன்றைக்குக் கத்தியவர் றொனால்ட். சுரங்க ரயில் ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர், களத்துக்குத் தலைமைக் கண்காணி. நெஞ்சு நிறைந்த குரல். அந்தக் குரலில் முன்னால் இருந்த ஹகரம் காற்றோடு போய்விட்டது. நடுவில் இருந்த ஓகாரம் நீண்டது. லகரத்தைக் கேடயச் சத்தம் விழுங்கிவிட்டது. யோகராணியின் காதில் வந்து விழுந்தது ‘ஓடு.’

“குளவி ஒண்டு வந்தது,” என்றாள் பிறகு.

“குளவிக்கு ஆராவது பார்க்கிங் லொட் வரைக்கும் ஓடுவினமா அம்மா? எல்லாரும் பாத்தவை. சோ எம்பரசிங்.”

“அப்ப நீ குளவியிட்டக் கேள்.”

ஓடிய காரணம் வேறு. சொல்லக்கூடியதாக அது இருக்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் போருக்குள் இடம்பெயர்ந்து போனபோது யோகராணிக்குப் பதினைந்து வயது. வழியில் ஒரு பள்ளிக்கூட வளவில் சனம் களைத்துப்போய் இருந்தது. தகப்பன் சைக்கிளோடு முன்னுக்குப் போய்விட்டார். தாய் தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். யோகராணி முன்பின் தெரியாத ஆட்களுக்கு நடுவில் பெட்டி ஒன்றின்மேல் இருந்தாள். அப்போது முதுகுக்குப் பின்னால், காதுக்குக் கிட்ட, ஒரு குரல் சொன்னது: “ஓடு.” அவள் எழும்பி ஓடினாள். வளவின் மதிலைத் தாண்டும்போது குண்டு விழுந்து பின்னால் அந்த இடம் இல்லாமல் போனது.

அவளைத் தின்றது இதுதான். கூட்டத்தைப் பார்த்துக் கத்துகிறவர் ‘ஓடுங்கோ’ என்றுதான் கத்துவார். முகம் தெரியாத பிள்ளையிடம்கூட ‘ஓடு பிள்ளை’ என்று ஒரு சொல் சேர்ந்து வரும். வெறும் ‘ஓடு’ ஒரே ஓர் ஆளுக்குச் சொல்வது, அதுவும் நன்றாகத் தெரிந்த ஆளுக்கு. அந்த வளவில் அவளைத் தெரிந்தவர் யாருமே இருக்கவில்லை. அப்படியென்றால் பக்கத்தில் இருந்த வேறு யாருக்கோ வந்த சொல் அது. அதைத் தான் வாங்கிக்கொண்டு ஓடிவந்துவிட்டதாக யோகராணி நினைத்தாள். கலியாணம் முடித்து, கனடா வந்து, டோர்செட் பார்க்கில் மாடி வீட்டில் குடியேறி, பிள்ளை பெற்று வளர்த்த பிறகும் அதையே நினைத்தாள். குரல் ஆணா பெண்ணா, கிழடா இளசா என்று அவளுக்குத் தெரியாது. அன்றைக்கு அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆகவேதான் அவள் மறுபடியும் அந்தப் புல்வெளிக்குப் போனாள். அடுத்த மாதமும் போனாள், அடுத்த வருடமும் போனாள். பிள்ளைப் பாசம் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஒவ்வொரு தடவையும் ‘ஹோல்ட்’ கேட்கும்போது கால் பறக்கத் துடிக்கும். கதிரையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஓடாமல் இருந்து, மெல்லத் திரும்பிப் பின்னால் பார்ப்பாள். புல் இருக்கும். கார்கள் இருக்கும். தேவதாரு மரங்கள் வரிசையாக நிற்கும்.

“கழுத்து நோகுதோ?” என்று நிலாணி கேட்பாள்.

“ஓம், நோகுது.”

யோகராணிக்கு ஸ்காபரோவில் ஒரு விருந்து மண்டபத்தில் வேலை. கலியாணம், பூப்பெய்திய பிள்ளைகளின் சாமத்தியவீடு, பிறந்தநாள் என்று எதுவானாலும் ஐந்நூறு பேரைச் சரியான நேரத்தில் இருத்தி, சரியான நேரத்தில் சாப்பிட வைத்து, மண்டபத்தைப் பூட்டும் நேரத்துக்கு முன் வெளியே அனுப்பிவிடுவாள். அப்படிப்பட்ட ஆள் களத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றோரத்தில் சும்மா இருப்பதைக் கூட்டம் கண்டுகொள்ள அதிக காலம் எடுக்கவில்லை. இந்த ஓகஸ்ட் கூடலை நடத்தித் தரும் பொறுப்பு அவள் தலையில் வந்தது. பிக்கரிங்குக்கு வடக்கே வழக்கமாகக் கூடும் அதே பண்ணைப் புல்வெளியை எடுத்தாள். கழிப்பறை வண்டி, தண்ணீர், முதலுதவி, கூடாரங்களுக்கு இடம், எல்லாவற்றையும் ஒழுங்கு செய்தாள். சமையலுக்குத் தன் மண்டபத்துச் சமையல்காரர் சுஹைரைக் கூட்டிவந்தாள்.

சுஹைர் காலையிலேயே கோபமாக இருந்தார். “அக்கா, உருளைக்கிழங்கு போடக்கூடாதாம். தக்காளி போடக்கூடாதாம். உறைப்புக்குக் கொச்சிக்காயும் கூடாதாம். இந்த ராசாக்கள் என்னத்தைத் திண்டுதான் சண்டை பிடிச்சாங்க?”

“உதெல்லாம் அப்ப அங்க இல்லை, அங்கிள்,” என்றாள் நிலாணி, கைக்கவசத்தைப் பூட்டியபடி. “எங்கடை ஊரிலயும் அப்ப கொச்சிக்காய் இல்லை.”

“உங்கட ஊரில இருந்திருக்காது. எங்கட உம்மா வீட்டில இருந்திருக்கும்.” பார்லிக் கஞ்சிக்குள் மிளகை இரண்டு கைப்பிடி அள்ளிப் போட்டார். “இது இருந்ததுதானே? இருந்ததெண்டு சொல்லு.”

மத்தியானம் வரை எல்லாம் நன்றாகவே நடந்தது. நெசவுக் கூடாரத்தில் மக்டலீன் என்ற பெண் சின்னப் பலகைகளைத் திருப்பித் திருப்பி நாடா நெய்துகாட்டினாள். பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். தனிச் சண்டைகள் முடிந்தன. இந்த விளையாட்டில் வெட்டு விழுந்ததா என்று தீர்ப்புச் சொல்ல ஆள் கிடையாது. வெட்டு வாங்கியவரே தான் செத்துவிட்டதாக ஒத்துக்கொள்ள வேண்டும். ஒத்துக்கொண்டவர் வாளைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு கயிற்றுக்கு வெளியே நடந்து வருவார். தண்ணீர் குடித்து, பகிடி விட்டு, அடுத்த சுற்றுக்குத் திரும்பிப் போவார். செத்தவர்கள் வரிசையாக நடந்து வருவதை யோகராணி வருடக்கணக்காகப் பார்த்திருக்கிறாள். ஆனாலும் அவர்கள் பக்கத்தால் போகும்போது எழும்பி வழி விடுவாள்.

கடைசியாகப் பெரும் சண்டை. இரண்டு அணியும் முழுசாக மோதுவது. கிங்ஸ்டனில் இருந்தெல்லாம் ஆட்கள் கார் ஓட்டி வந்தது அதற்காகத்தான். அதற்கு இரண்டு பக்கமும் கண்காணி நிற்க வேண்டும். மறுபக்கம் நிற்கவேண்டிய எட்வேட் என்பவர் 401 நெடுஞ்சாலையில் ஒரு விபத்துக்குப் பின்னால் மாட்டுப்பட்டு, வரமுடியாது என்று செய்தி அனுப்பினார்.

றொனால்ட் கண்காணித் தடியை யோகராணியிடம் நீட்டினார். “நீங்கள் நில்லுங்கள். கூட்டத்தைப் பார்க்கத் தெரிந்த கண் உங்களுக்கு. ஆபத்தென்றால் கத்த வேண்டும், அவ்வளவுதான்.”

“என்னால ஏலாது. வேறை ஆரையும் பாருங்கோ.”

“மற்ற எல்லோரும் சண்டைக்குள் நிற்கிறார்கள். இரண்டாவது குரல் இல்லாமல் நான் தொடங்கமாட்டேன். யாருக்காவது கழுத்து முறிந்தால் என்னால் தாங்கமுடியாது.”

மகள் அவளைப் பார்த்தாள். தலைக்கவசத்தின் வாரைப் பூட்டினாள். அதுதான் யோகராணியைத் தடியை வாங்க வைத்தது.

“அடிவயித்தால கத்துங்க அக்கா,” என்றார் சுஹைர், அகப்பையோடு. “சொல்லிப் பாருங்க. ஹோல்ட்.”

“ஹோ…” அவள் பாதியில் நிறுத்தினாள். பல வருடமாக அந்தச் சொல்லைக் கேட்கத்தான் வந்திருக்கிறாள். ஒருதரமும் சொன்னதில்லை. வாயைத் திறந்தால் தான் ஓடிவிடுவேனோ என்று பயம் வந்தது. ஓடினால் இந்தப் பக்கத்தைப் பார்க்க யாரும் இல்லை. இந்தப் பக்க வரிசையில் நிலாணி நிற்கிறாள்.

சண்டை தொடங்கியது. கேடயங்கள் மோதிய சத்தத்தில் மரத்துக் காகங்கள் எழும்பின. யோகராணி மண்டபத்தில் பந்தியைப் பார்ப்பதுபோல ஆட்களைப் பார்த்தாள், முகங்களை விட்டு அசைவுகளை. எங்கே நெரிகிறது, எங்கே இடைவெளி விழுகிறது, யார் தடுமாறுகிறார். தள்ளுமுள்ளில் நிலாணியின் தலைக்கவசத்து வார் அறுந்தது. கவசம் பின்னால் சரிந்து புல்லில் உருண்டது. நிலாணி அதைத் தேடித் திரும்பினாள். அவள் திரும்பியதைக் காணாத ஒரு பருத்த மனிதர் தன் பிரம்பு வாளை முழு வீச்சில் ஓங்கிவிட்டார்.

யோகராணி கத்தினாள்.

கயிற்றோரம் இருந்தவர்கள் எல்லோரும், மிகத் தெளிவான ‘ஹோல்ட்’ ஒன்றைக் கேட்டதாகச் சொல்கிறார்கள். களம் முழுவதும் ஒரேயடியாக முழங்காலில் விழுந்தது. பருத்த மனிதரின் வாள் பாதியில் நின்றது. யோகராணிக்குத் தெரியும், தன் வாயில் வந்த சொல் அது இல்லை என்று. வந்த குரலும் தன்னுடையது இல்லை. அந்தக் குரலில் வயது இல்லை, ஆண் பெண் இல்லை. அதை அவள் ஒருதரம் காதுக்குக் கிட்டக் கேட்டிருக்கிறாள்.

நிலாணி மட்டும் முழங்காலில் விழவில்லை. வெறுந்தலையோடு, கேடயத்தை எறிந்துவிட்டு, கயிற்றுக்கடியால் புகுந்து தேவதாரு வரிசையை நோக்கி ஓடினாள். மரத்தடியில் போய் நின்றாள். கொஞ்ச நேரம் மரங்களுக்குள் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு மெதுவாக நடந்து கயிற்றுக்குள் திரும்பி வந்தாள்.

“நீங்கள் ‘ஓடு’ எண்டுதானே சொன்னனீங்கள்?” என்றாள். மூச்சு வாங்கியது.

“ஓம்.”

“எனக்குத்தானே?”

யோகராணி மகளின் வெறுந்தலையைத் தடவிப் பார்த்தாள். “நீ என்ன நினைச்சனி?”

“நினைக்கேல்லை அம்மா. கால் போயிட்டுது.” நிலாணி திரும்பி மரங்களைப் பார்த்தாள். “என்னோடை ஓடினது ஆர்?”

“ஒருத்தரும் ஓடேல்லை. எல்லாரும் முழங்காலில இருந்தவை. நான் பாத்துக்கொண்டு நிண்டனான்.”

“இல்லை. எனக்கு இடப்பக்கம். மூச்சுக் கேட்டது. புல்லில கால் சத்தம் கேட்டது. பக்கத்தில பக்கத்தில வந்தது. நான் மரத்தடியில நிண்டிட்டன்.” அவள் குரல் இறங்கியது. “அது நிக்கேல்லை.”

களத்தின் மறுபக்கத்தில் இருந்து றொனால்ட் கையை உயர்த்தினார். நிறுத்தியவரே கணக்குக் கொடுக்க வேண்டும், அது வழக்கம். ஆட்கள் எல்லோரும் கயிற்றுக்குள் வந்துவிட்டார்கள் என்று நிறுத்தியவர் சொன்ன பிறகுதான் சண்டை தொடரும். அதுவரை முழங்காலில் இருப்பவர்கள் முழங்காலிலேயே இருக்க வேண்டும்.

“எல்லோரும் உள்ளேயா?” என்று கத்திக் கேட்டார்.

யோகராணி களத்தைப் பார்த்தாள். எறிந்த கேடயம், உருண்ட கவசம், முழங்காலில் ஆட்கள். பிறகு மரங்களைப் பார்த்தாள். ஆம் என்று சொல்ல வாய் வரவில்லை.

“இன்னும் ஒராள் வரவேணும்,” என்றாள் மகளிடம்.

“ஆர் அம்மா?”

“தெரியாது.”

நிலாணி எதையோ கேட்க வாயெடுத்து, தாயின் முகத்தைப் பார்த்துவிட்டு அதை விட்டாள். பக்கத்தில் ஓடிய அந்த மூச்சை அவள்தானே கேட்டிருந்தாள். றொனால்டைப் பார்த்து இரண்டு கைகளையும் விரித்து, பொறுக்கச் சொல்லிச் சைகை காட்டினாள்.

களம் பொறுத்தது. வெயில் கவசங்களில் ஏறியது. “என் முழங்காலுக்கு நஷ்டஈடு யார் தருவது?” என்று யாரோ முணுமுணுக்க இரண்டு பேர் சிரித்தார்கள். “அக்கா, கஞ்சி அடிப்பிடிக்குது,” என்று சுஹைர் அடுப்படியில் இருந்து குரல் கொடுத்தார். பிறகு அவரும் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து பார்த்தார். காகங்கள் இன்னும் மரத்துக்குத் திரும்பியிருக்கவில்லை.

யோகராணி தடியைப் புல்லில் சாய்த்துவிட்டு மரவரிசை வரைக்கும் நடந்தாள். உள்ளே நிழல் குளிர்ந்து கிடந்தது. ஒன்றும் தெரியவில்லை. ஆனால் களைத்த ஒருவர் தன்னைக் காட்டிக்கொள்ளாமல் மூச்சை அடக்கி நிற்கிற இடம் எப்படி இருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். வான் வண்டிக்குப் பின்னால் அவளே அப்படி இருந்திருக்கிறாள்.

“வாங்கோ,” என்றாள். “முடிஞ்சுது. இனிப் பயமில்லை, வாங்கோ.”

பதிலுக்காக அவள் காத்திருக்கவில்லை. முன்னால் நடந்து வந்தாள். கயிற்றடியில் நின்று, அதை இரண்டு கையாலும் உயரத் தூக்கிப் பிடித்தாள். ஓர் ஆள் குனிந்து உள்ளே போக எடுக்கும் நேரத்துக்குப் பிடித்திருந்தாள். பிறகு மெல்ல இறக்கினாள்.

“எல்லோரும் உள்ளேயா?” றொனால்ட் இரண்டாம் முறை கேட்டார்.

“ஓம்,” என்றாள் யோகராணி தமிழிலேயே.

அவருக்கு அது விளங்கியது. கையை இறக்கினார். களம் முனகிக்கொண்டு எழும்பியது. மக்டலீன் கொண்டுவந்து கொடுத்த நாடாவால் நிலாணி தலைக்கவசத்தை இறுக்கிக் கட்டினாள். கேடயத்தைப் பொறுக்கிக்கொண்டு வரிசைக்குப் போனாள். வரிசை நெருங்கி நிற்க வேண்டும், இடைவெளி விடக்கூடாது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஆனாலும் இடப்பக்கத்தில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டு நின்றாள். பக்கத்தில் இருந்தவர் நெருங்கி வரச் சொன்னார். அவள் நகரவில்லை.