மும்தாஜ் அக்கா கடையின் ஏழு நாள் கம்பி

மும்தாஜ் அக்கா இறந்துவிட்டார். நேற்றுக் காலை. அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் செய்துவிட்டார்கள்.

அவர் மகள் நஸ்ரின் வாட்ஸ்அப்பில் இரண்டு வரி அனுப்பியிருந்தார். பிறை ஊரில் என் ஆபீஸ் வாசலில் நின்று படித்தேன்...

சூலியா ஸ்திரீட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் பண்டல் கடை வைத்திருந்தவர். பழைய துணிகளை மூட்டையாக எடுத்து, தரம் பிரித்து விற்கும் கடை. இதைப் படிப்பவர்களில் பாதிப் பேர் அங்கே துணி எடுத்தவர்கள்தான். வெளியே சொல்ல மாட்டோம், அவ்வளவுதான்.

யூனிவர்சிட்டி முழுக்க நான் போட்ட பாஜு கூரோங் மலாய் உடைகள் எல்லாம் அவர் கடையில் எடுத்தவை. முதல் தடவை, யாராவது பார்த்துவிடுவார்களோ என்று வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே தேடினேன்.

"என்ன பிள்ள, துணி எடுக்க வந்தியா, ஒளிஞ்சு வெளாட வந்தியா?"

கடையே சிரித்தது. ஒரு மாதம் நான் அந்தப் பக்கம் போகவில்லை. பிறகு போனேன்... ஐந்து வெள்ளிக்கு வேறு எங்கே நல்ல சட்டை கிடைக்கும்?

வீடுகளில் ஒதுக்கும் துணிகளையும் அக்கா வாங்கிக்கொள்வார். ஆனால் உடனே விற்க மாட்டார். கொடுத்தவர் பெயரையும் தேதியையும் துண்டுத் தாளில் எழுதி, துணியில் ஊக்கால் குத்தி, பின்சுவரோரக் கம்பியில் ஏழு நாள் தொங்கவிடுவார்.

ஏன் என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டபோது சொன்னார்: "வீட்டச் சுத்தம் பண்றது ஒருத்தவங்க. அழுதுகிட்டு ஓடி வர்றது இன்னொருத்தவங்க. ஏழு நாளு போதும்லா, அதுக்குள்ள ஞாபகம் வந்துரும்."

என் பட்டமளிப்பு விழா, கான்வோ, நடந்த வருடம், தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்த அம்மா மூன்று பை பழைய துணி ஒதுக்கினார். நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை.

மறுநாள் அப்பா அலமாரியைக் குடைந்துகொண்டிருந்தார்.

"தாத்தா கோட்டு எங்க?"

அப்பாவின் தாத்தா 1930களில் இங்கே ஒரு கம்பெனியில் கிராணியாக, கணக்கு எழுதும் குமாஸ்தாவாக இருந்தவர். கறுப்புக் கோட்டும் வேட்டியுமாக, நாற்காலி முதுகில் கை வைத்து நிற்கும் அவர் படம் எங்கள் ஹாலில் இருக்கிறது. அந்தக் கோட்டு.

"அந்தக் கோட்டா? உள்துணியெல்லாம் கிழிஞ்சு தொங்குது. இத்தன வருஷத்துல ஒரு நாளாச்சும் தொட்டீங்களா?" என்றார் அம்மா.

"பாப்பா கான்வோக்குப் போட்டுக்கலாம்னு இருந்தேன்."

அப்பா சாப்பிட்டுவிட்டு லாரி எடுக்கப் போய்விட்டார். எங்கள் குடும்பத்தில் முதல் கான்வோ அது.

கோட்டு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். போய்க் கேட்டால் போதும். ஆனால் கொடுத்ததைத் திருப்பிக் கேட்க வேண்டும்... கடையே திரும்பிப் பார்க்கும்.

முதல் நாள் போனேன், கூட்டம். இன்னொரு நாள் எதிர்ப் பக்கமாகவே நடந்து போனேன். மூன்றாம் தடவை வாசல் வரை போய்விட்டேன். உள்ளே என்னோடு படித்த ஒருத்தி நின்றிருந்தாள். திரும்பிவிட்டேன்.

எட்டாவது நாள் உள்ளே நுழைந்தேன்.

"நேத்து சாயங்காலம் வரைக்கும் தொங்குச்சே பிள்ள! இன்னைக்குக் காலையிலதான் போச்சு," என்றார் அக்கா. "மூணு தடவ வாசலுக்கு வந்தே, நான் பார்த்தேன். வழக்கம்போல வெக்கப்படுதுன்னு விட்டுட்டேன். வாயத் தொறந்து அக்கான்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

ஓவியம் படிக்கும் ஒரு சீனப் பெண் வாங்கிப் போயிருந்தாள். அக்காவிடம் அவள் நம்பர் இல்லை. கடைக்கு வந்த மாணவர்களிடமெல்லாம் விசாரித்து, நான்காம் நாள் அவளைப் பிடித்துவிட்டார்.

கோட்டு வந்தது. கைகள் இல்லாமல். அவற்றை வெட்டி அவள் ஏற்கெனவே ஒரு பை தைத்துவிட்டாள். பாவம், சாரி சாரி என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அக்கா கோட்டைத் தூக்கிப் பார்த்தார். "கை போச்சு. மத்ததெல்லாம் இருக்கு. தைக்கத் தெரியுமா உனக்கு?"

"தெரியாதுக்கா."

"எனக்கும் தெரியாது. இத்தன வருஷம் துணிக்கட வச்சிருக்கேன், ஒரு பட்டன் வைக்க மகளத்தான் கூப்பிடுறேன்."

யூடியூப் பார்த்து, ஓரத்தை மடித்துக் கையால் தைத்தேன். மூன்று தடவை பிரித்தேன். உள்துணியை மாற்றினேன். இடது பக்கம் கொஞ்சம் கோணல்தான்.

கான்வோ அன்று வெள்ளைச் சட்டைக்கு மேல் அப்பாவுக்கு மாட்டிவிட்டேன். கண்ணாடியில் பார்த்தார்.

"கை எங்க?"

"அது... எட்டாவது நாள்தான் போய்க் கேட்டேம்பா."

கொஞ்ச நேரம் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். "சரி விடு. வெயில்ல காத்தாச்சும் வரும்."

படம் எடுக்கும்போது பக்கத்திலிருந்த நாற்காலி முதுகில் கை வைத்து நின்றார்.

அதற்குப் பிறகு தையல் என்னை விடவில்லை. பண்டல் சட்டைகளில் கறை இருக்கும் இடத்தில் சின்னதாக ஒரு பூப் போடுவேன். முதல் சட்டையை அக்கா கடை முகப்பில் மாட்டிவிட்டு, "டிகிரி படிச்ச பிள்ள போட்ட பூ!" என்று சந்து முழுக்கக் கேட்கும்படி கத்தினார். நான் மூட்டைகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

இன்று வேலை முடிந்து கடைக்குப் போனேன். பாதிக் கதவு திறந்திருந்தது. பின்சுவரோரக் கம்பியில் அக்காவின் துணிகள். நான்கைந்து பாஜு, இரண்டு கைலி, எப்போதும் கட்டியிருக்கும் நீலக் கட்டம் போட்ட ஏப்ரன். ஒவ்வொன்றிலும் மகள் நஸ்ரின் எழுதிய துண்டுத் தாள்: உம்மா, இன்றைய தேதி.

உள்ளே உறவுக்காரர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"நஸ்ரின்... அந்த ஏப்ரன் எனக்கு வேணும்."

"ஏழு நாளு ஆவட்டும். உம்மா ரூலு," என்று சொல்லி ஒரு தாளும் ஊக்கும் கொடுத்தார். என் பெயரை எழுதி ஏப்ரனில் குத்திவிட்டு வந்தேன்.

முதல் நாளே கேட்டுவிட்டேன், அக்கா. போய் வாருங்கள்.