வழக்கமான புற்று இல்லை

முதலில் ஒரு துளிதான். மாதவிலக்கு முடிந்து பத்து நாள் கழித்து, கடையில் நின்று ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தபோது கண்டது. அடுத்த மாதமும் அப்படியே. வலி கிடையாது. நாற்பத்தோரு வயதில் இதெல்லாம் சகஜம் என்று எனக்கு நானே வைத்தியம் சொல்லிக்கொண்டேன். சங்கரன்கோவில் தாலுகா ஆபீஸுக்கு எதிரே கடை வைத்திருப்பவளுக்கு உட்காரவே நேரமில்லை, டாக்டரிடம் போக எங்கே நேரம்?

நீங்களும் இப்படித் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கலாம். அதனால்தான் எழுதுகிறேன்.

நான்காவது மாதம் உள்ளூர் டாக்டரம்மா பார்த்தார். கர்ப்பப்பை வாயில் சின்னத் திராட்சைக் கொத்து மாதிரி சதை தொங்குகிறது என்றார். அதை எடுத்து பயாப்ஸிக்கு (திசுவை நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கும் சோதனை) அனுப்பினார். எனக்குப் பயமே இல்லை. முந்தின வருடம்தான் ஒரு முகாமில் பாப் சோதனை (கர்ப்பப்பை வாயின் மேற்பரப்பிலிருந்து செல்களைச் சுரண்டி எடுத்துப் பார்ப்பது) செய்து, நார்மல் என்று சீட்டு வாங்கியிருந்தேன்.

முடிவு வந்த அன்று கணவரும் கூட வந்தார். புளியங்குடியில் எலுமிச்சை வியாபாரம் அவருக்கு. டாக்டரம்மா தாளைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது கர்ப்பப்பை வாயில வழக்கமா வர்ற புற்று இல்லம்மா. திருநெல்வேலியில காட்டணும், லெட்டர் தாரேன்."

அவர் மேலும் ஏதோ விளக்கினார். நாங்கள் எங்கே கேட்டோம்? லெட்டரை வாங்கிக்கொண்டு வெளியே வந்ததும் என் கணவர் தன் அம்மாவுக்குப் போன் போட்டார். "எம்மா, புத்து இல்லையாம்!"

நான் பக்கத்தில்தான் நின்றேன். எனக்கும் அப்படித்தான் கேட்டிருந்தது. 'வழக்கமா வர்ற' என்ற சொற்கள் இரண்டு பேர் காதிலும் ஏறவில்லை. ஏறக் கூடாது என்றே இருந்தோம் போல.

எங்கள் ஊரில் புற்று என்றால் நல்ல சொல். கோயிலில் புற்றுமண் வாங்கி, சொறி, சிரங்கு எல்லாவற்றுக்கும் பூசுவோம். போனில் சேதி கேட்ட அத்தை, என் மாமியார், அன்றே கோமதியம்மனுக்கு நேர்ந்ததைச் செலுத்திவிட்டு, புற்றுமண்ணோடு வந்தார். நான் அந்தத் தாளை இரண்டு ஜெராக்ஸ் எடுத்து ஃபைலில் போட்டு வைத்தேன். அடுத்தவர் பட்டாவில் ஒரு இனிஷியல் மாறினாலும் சத்தம் போடுகிறவள், என் தாளைப் படிக்கவில்லை. திருநெல்வேலிக்கு மெதுவாகப் போய்க்கொள்ளலாம் என்று ஆறு வாரத்தை ஓட்டினோம்.

பிறகு ரத்தம் நிற்காமல் போனது. அப்போதுதான் ஓடினோம்.

திருநெல்வேலியில் புற்றுநோய் மருத்துவரும் ஒரு பெண்தான். இந்த லெட்டரை வாங்கி எத்தனை நாளாயிற்று என்று கேட்டார். சொன்னோம். பேனாவை மூடி வைத்துவிட்டு, நிதானமாக விளக்கினார். இதன் பெயர் சார்கோமா (தசை, கொழுப்பு, இணைப்புத் திசு போல உடலைத் தாங்கிப் பிடிக்கும் திசுக்களில் தோன்றும் புற்று). வழக்கமான கர்ப்பப்பை வாய்ப் புற்று மேலுறைச் செல்களில் தொடங்கும். இது அதற்கு அடியில் தொடங்குவது, மிக அரிதானது. மேலே சுரண்டிப் பார்க்கும் சோதனையில் இது தப்பிவிடலாம்.

"தோலு நல்லாருக்கும், உள்ள கெட்டிருக்கும். அப்படித்தானம்மா?" என்றார் என் கணவர். அப்படித்தான் என்றார் மருத்துவர். உடனே என் கணவர், "நான்தான் தப்பா கேட்டுட்டேன்" என்று அழ ஆரம்பித்தார்.

"ரெண்டு பேருந்தான் கேட்டோம். இப்ப அழுதா ஆறு வாரம் திரும்பி வந்துருமா? இனி என்ன செய்யணும்னு கேளுங்க," என்றேன். கோபத்தில் சொன்னதுதான். அடுத்த பல மாதம் என்னை நடத்திக்கொண்டு போனது அந்தக் கோபம்தான்.

இந்த வகைப் புற்று ரத்தத்தின் வழியே நுரையீரலுக்குப் போகக்கூடும் என்றார்கள். ஸ்கேன் எடுத்து இரண்டு நாள் காத்திருந்தோம். அந்த ஆறு வாரத்தில் என் உயிரைத் தொலைத்துவிட்டோமா என்பது ஒன்றுதான் கேள்வி. அந்த இரண்டு நாளும் என் கணவரை வெறுத்தேன். என்னை அதைவிட வெறுத்தேன்.

"ஒண்ணும் இல்லம்மா" என்றார் மருத்துவர். நான் விடவில்லை. எது இல்லை, எங்கே இல்லை, முழுசாகச் சொல்லுங்கள் என்றேன். நுரையீரலில் இல்லை, நிணநீர்க் கணுக்களில் இல்லை, கர்ப்பப்பை வாயில் மட்டும் இருக்கிறது என்றார். எழுதிக்கொண்டு, அவரிடமே திரும்பப் படித்துக் காட்டினேன். அதற்கப்புறம்தான் அழுதேன். நீங்களும் எழுதுங்கள், படித்துக் காட்டுங்கள். எந்த நல்ல மருத்துவரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கர்ப்பப்பையை எடுத்தார்கள். பிறகு கீமோதெரபி (புற்றுச் செல்களை அழிக்கும் மருந்தை ரத்தக்குழாயில் ஏற்றுவது). முடி போனது, வாயெல்லாம் புண். வெள்ளை அணுக்கள் குறைந்து, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்றிருந்த நாளில், அத்தை புற்றுமண்ணைக் கரைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"அத்தை, நெத்தியில பூசுதேன். வாயில போட மாட்டேன்."

"அம்மன் மேல நம்பிக்கை இல்லையா ஒனக்கு?"

"இருக்கு. அதான் நெத்தியில பூசுதேன்னு சொல்லுதேன்."

அத்தை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். ஆனாலும் அவர் கையாலேயே பூசிவிட்டார். மறுநாளிலிருந்து தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றிக் கொடுத்ததும் அவர்தான்.

ஒரு சொந்தக்காரி வந்து, இந்த நோய் ஆம்பளையால் வருகிறது என்று ஆஸ்பத்திரி போர்டில் போட்டிருக்கிறதே என்று இழுத்தாள். அது கிருமியால் வருகிற வேறு வகை, இது அதுவல்ல என்று சொன்னேன். அது வந்திருந்தாலும் நோயாளியிடம் கேட்கிற கேள்வி இது இல்லை என்றும் சேர்த்துச் சொன்னேன். காப்பி குடிக்காமலே போய்விட்டாள்.

சிகிச்சை முடிந்து ஒன்றரை வருடம் ஆகிறது. குணமாகிவிட்டது என்று மருத்துவர் சொல்வதில்லை. இப்போது எங்கும் காணவில்லை என்கிறார். மாதாமாதம் நாள் எண்ணிய உடம்பு இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு ஸ்கேன் என்று எண்ணுகிறது. வேகத்தடையில் பஸ் குதித்தால் அடிவயிற்றில் ஒரு வெறுமை தெரிகிறது. பழகிவிட்டேன். மூன்று மாதத்துக்கு அப்பால் யார் எதற்கு அழைத்தாலும் 'பார்ப்போம்' என்றே சொல்லி வந்தேன்.

போன வாரம் கடை வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. பதினொரு மாதம். ஊருக்கெல்லாம் இதை டைப் அடித்துக் கொடுப்பவள் நான். என் பெயருக்கு அடிக்கும்போது அந்த இடத்தில் விரல் நின்றுவிட்டது. கட்டடத்துக்குச் சொந்தக்காரர் எதிரே உட்கார்ந்திருந்தார்.

"என்ன தாயி, மாசத்தக் கொறைக்கணுமா?"

"வேண்டாம் அண்ணாச்சி. பதினொண்ணே இருக்கட்டும்," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.