அண்ணன் பிரித்து வைத்த எலுமிச்சம்பழங்கள்

முதலாண்டு நினைவு நாளுக்கு வந்து, பந்திக்குக் காத்திருக்கும் நேரத்தில் இந்த நினைவு மலரைப் புரட்டிக்கொண்டிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அண்ணனின் ஒரே தங்கையின் வணக்கம். அட்டையில் இருக்கும் படத்தை மதினி தேர்ந்தெடுத்தார்கள். அது விபத்துக்கு முன் எடுத்த படம். பின்னால் எடுத்தவையும் எங்கள் போன்களில் இருக்கின்றன. அவற்றை அச்சில் போட வேண்டாம் என்று முடிவு செய்தோம். ஆனால் அந்தக் காலத்தை எழுத்திலிருந்தும் எடுத்துவிட எனக்கு மனம் வரவில்லை. அண்ணன் படுக்கையில் கிடந்ததும் அவர் வாழ்ந்த வாழ்க்கைதான்.

அண்ணன் பிறந்து வளர்ந்தது புளியங்குடி. அவர் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் முன்பே அப்பா தவறிவிட்டார்கள். அண்ணன் புத்தகப் பையைத் தூக்கி எறிந்துவிட்டு எலுமிச்சைக் கமிஷன் மண்டியில் வேலைக்குச் சேர்ந்தார். என்னைப் படிக்க வைத்து, ஆலங்குளத்தில் கட்டிக்கொடுத்த பிறகுதான் தனக்குப் பெண் பார்க்கச் சொன்னார். மதினிக்குத் தென்காசியில் அரசு வேலை என்பதால் அம்மாவையும் கூட்டிக்கொண்டு அங்கே குடிபோனார்கள். அங்கிருந்து தினமும் பைக்கில் மண்டிக்குப் போய் வந்தார்.

அண்ணன் சாந்த சொரூபி என்று நான் எழுதினால் நீங்களே சிரிப்பீர்கள். முன்கோபம் உண்டு. சாதாரணமாகப் பேசினாலே தெருமுனை வரை கேட்கும். ஆனால் அந்தக் கைக்கு இருந்த நிதானம் வாய்க்கு இருந்ததில்லை. விவசாயிகள் மூட்டையை அவிழ்த்துக் கொட்டியதும் உட்கார்ந்துவிடுவார். கண் எதிரில் இருப்பவர் மேல் இருக்கும், வாய் ஊர்க்கதை பேசும், கை மட்டும் பழத்தைப் பெருவிரலால் ஒரு உருட்டு உருட்டிப் பெரியதைத் தன் பக்கமும் சின்னதை வெளிப்பக்கமும் தள்ளிக்கொண்டே இருக்கும். என் கல்யாணத்தில் தாம்பூலப் பைக்கு வாங்கிய தேங்காயைக்கூட யாரும் சொல்லாமலே பிரித்து வைத்து, பெரியதை எல்லாம் மாப்பிள்ளை வீட்டாருக்கு அனுப்பிவிட்டார். நம் பக்கத்து ஆட்கள் கொட்டைப்பாக்கு அளவு தேங்காயோடு வீட்டுக்குப் போனதாக அத்தைமார் இன்றும் குறைசொல்வார்கள்.

சீசன் தொடங்கிவிட்டால் மண்டி விடுமுறை நாளில் தலை நிறைய எண்ணெய் தேய்த்துக்கொண்டு குற்றாலம் போவது அண்ணனுக்கு விட முடியாத வழக்கம். மற்ற நாளெல்லாம் ஹெல்மெட் போடுகிறவர்தான். எண்ணெயும் ஈரமுமாக இருக்கும் தலையில் போட்டால் உள்ளே பிசுக்கேறி நாறும் என்று, குளித்துவிட்டு வரும்போது மட்டும் பைக் கண்ணாடியில் மாட்டிக்கொண்டு வருவார். அவர் மட்டுமா? சாரல் விழும் நாளில் அந்தச் சாலையில் நின்று பாருங்கள், முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் வருகிறார்கள். விபத்து நடந்த அன்று மகள் கார்த்திகாவுக்குக் காய்ச்சல் என்பதால் தனியாகப் போனார். அவளுக்காக ரம்புட்டான் பழம் வாங்கிக்கொண்டு திரும்பும்போது மேலகரம் பக்கம் ஈரச் சாலையில் வண்டி சறுக்கியது. ரம்புட்டான் பையும் ஹெல்மெட்டும் பிற்பாடு வீட்டுக்கு வந்தன. ஹெல்மெட்டில் ஒரு கீறல்கூட இல்லை.

திருநெல்வேலியில் அறுவைச் சிகிச்சை நடந்தது. மூளை வீங்கியிருந்ததால் இடது பக்க மண்டையோட்டில் ஒரு பகுதியை எடுத்து, பிறகு பொருத்துவதற்காக வயிற்றுத் தோலுக்கு அடியில் வைத்துத் தைத்திருந்தார்கள். பல வாரம் கழித்து அண்ணன் கண்ணைத் திறந்தபோது நாங்கள் சாமி கும்பிட ஓடினோம். டாக்டர் எங்களை உட்காரவைத்துச் சொன்னார். "கண்ணைத் திறக்கிறது வேற, நினைவு திரும்புறது வேறம்மா. முதல் ஆறு மாசத்துல என்ன வருதுன்னு பாப்போம். ஒரு வருஷம் தாண்டிட்டா, அதுக்கு மேல வாரது ரொம்பக் குறைச்சல்." இதை அவர் கனிவாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அவர்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது.

தொண்டையில் ஒரு துளை, மூக்கில் சாப்பாட்டுக் குழாய், அசையாத வலது பக்கம். இந்த நிலையில் அண்ணனைத் தென்காசி வீட்டுக்குக் கொண்டுவந்தோம். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஒவ்வொருவரும் மதினியிடம் தணிந்த குரலில் கேட்டது ஒரே கேள்வி. "ஆள் தெரியுதா?" மதினி இல்லை என்று தலையை மட்டும் அசைப்பார்கள். நடக்க வேண்டாம், பேச வேண்டாம், கார்த்திகாவை ஒரு தடவை இன்னாரென்று தெரிந்தால் போதும் என்ற அளவுக்கு எங்கள் ஆசை சுருங்கியிருந்தது.

பெரியப்பாவுக்கு மட்டும் வேறு யோசனை இருந்தது. "ஏம்மா, குற்றாலத்தைப் பக்கத்துல வச்சுக்கிட்டு இப்பிடிப் போட்டு வச்சிருக்கியளே. ரெண்டு பேரு புடிச்சுக்கிட்டு அருவியில காட்டுங்க. எப்பேர்ப்பட்ட பித்தமும் தெளிஞ்சிரும்" என்றார்கள்.

மதினி குனிந்து அண்ணனின் தலைக்கட்டை விலக்கிக் காட்டினார்கள். "அங்கன எலும்பே இல்ல மாமா. தண்ணி நேரா மூளையிலதான் விழும்."

பெரியப்பா அதன்பின் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மறுநாள் அவர்களே ஒரு கேனில் அருவித் தண்ணீர் பிடித்து வந்தார்கள். அம்மா துண்டை நனைத்து அண்ணனின் கால்களைத் துடைத்துவிட்டார்கள்.

மண்டியிலிருந்து வருகிறவர்கள் வெறுங்கையோடு வரக் கூடாது என்று எலுமிச்சம்பழம் கொண்டுவருவார்கள். அப்படி வந்த சுடலைமுத்து அண்ணாச்சி ஒருநாள் அண்ணனின் இடது உள்ளங்கையில் ஒரு பழத்தை வைத்தார். விரல்கள் மூடின. பெருவிரல் பழத்தை உருட்டியது. பிறகு கை மெதுவாக நகர்ந்து பழத்தை இடுப்புப் பக்கம் வைத்துவிட்டுத் திறந்துகொண்டது. அண்ணாச்சி அடுத்ததாகச் சின்னப் பழம் ஒன்றை வைத்தார். கை அதை உருட்டி, மெத்தையின் வெளி ஓரத்துக்குத் தள்ளியது.

"ஏ ஆத்தா, பிரிக்காருல்லா" என்றார் அண்ணாச்சி.

அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "எய்யா, இந்தா, இதையும் பாரு" என்று ஒவ்வொன்றாகக் கொடுத்தார்கள். ஒன்றுகூடத் தப்பவில்லை. நான் அதைப் போனில் எடுத்துச் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பினேன். உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். நானும் ஆலங்குளத்திலிருந்து பஸ் ஏறும்போதெல்லாம், இன்று நம்மைப் பார்த்ததும் ஏதாவது திட்டுவார் என்று நினைத்துக்கொண்டே போவேன்.

டாக்டரிடம் அந்த வீடியோவைக் காட்டினோம். அவர் மறுபடியும் போடச் சொல்லிப் பார்த்தார். "நல்ல அடையாளந்தான். ஆனா கை பழகுன வேலை மூளையில ஒரு இடத்துல இருக்கு, ஆள் தெரியுறது வேற இடம். இதை வச்சு அதுவும் வந்துரும்னு நெனச்சுறாதீங்க" என்றார். வெளியே வந்ததும், அவருக்கு ஒன்றும் தெரியாது என்று அம்மா சொன்னார்கள். நாங்கள் எல்லோருமே ஆமோதித்தோம்.

எடுத்த எலும்பைத் திரும்பப் பொருத்தினார்கள். உடற்பயிற்சி கொடுக்கும் தம்பி நாள் தவறாமல் வந்து கைகால்களை மடக்கி நீட்டினார். ஒரு வருடம் தாண்டியது. எதுவும் கூடவில்லை. எலுமிச்சம்பழம் மட்டும் பிரிந்துகொண்டிருந்தது.

கார்த்திகா பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சீருடையோடு கட்டில் பக்கம் போய், "எப்பா, நான் யாரு?" என்று கேட்பாள். அண்ணனின் கண் அவளைத் தாண்டி ஜன்னலில் நிற்கும். ஒருநாள் நானும் அறையில் இருந்தேன். பழம் கொடுத்துக்கொண்டிருந்த எங்கள் அம்மாவை நகரச் சொல்லிவிட்டு, அவள் தன் கையை இறுக்க மூடி அப்பாவின் உள்ளங்கையில் வைத்தாள். விரல்கள் மூடின. பெருவிரல் அவள் விரல் முட்டிகளின் மேல் போய் வந்தது. அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார்கள்.

அண்ணன் அவள் கையை நகர்த்தி, மெத்தையின் வெளி ஓரத்தில், சின்னப் பழங்களோடு வைத்தார். பிறகு அடுத்ததற்குக் கையை விரித்தார்.

கார்த்திகா கையை எடுக்கவில்லை. "அத்தை, நான் சின்னதாம்" என்றாள். வெகுநேரம் அப்படியே நின்றாள். அதன்பிறகு அவள் அண்ணனிடம் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. நாங்களும் டாக்டர் மேல் கோபப்படுவதை விட்டோம்.

அடுத்த மழைக்காலத்தில் அடிக்கடி வலிப்பு வரத் தொடங்கியது. ஒவ்வொரு வலிப்பிலும் இருந்த கொஞ்சமும் குறைந்தது. இடது கையும் மூடி இறுகிவிட்டது. விரல்களைப் பிரித்துத் துணிச்சுருள் வைக்க வேண்டியிருந்தது. அம்மா பழத்தை அந்த மூடிய கையின் மேலேயே வைத்துப் பார்ப்பார்கள், அது உருண்டு விழும். கடைசியில் நெஞ்சில் சளி கட்டி, தென்காசி ஆஸ்பத்திரியில் அண்ணன் இறந்தார். அமைதியாகப் போனார் என்று எழுதச் சொன்னார்கள். மூச்சுக்கு அவர் பட்ட பாட்டை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அதனால் எழுதவில்லை.

"உள்ளுக்குள்ள எல்லாம் தெரிஞ்சுதான் இருக்கும், சொல்லத்தான் முடியல" என்று ஆறுதல் சொல்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தயவுசெய்து அதை மதினியிடம் சொல்லாதீர்கள். தெரிந்தே அப்படிக் கிடந்தார் என்று நினைப்பது, தெரியாமல் போனார் என்பதைவிடக் கொடுமையாக இருக்கிறது.

மேலகரம் சாலையில் தன் துண்டை அண்ணனின் தலைக்குக் கொடுத்து, ஆம்புலன்ஸ் வரும்வரை மடியில் தாங்கியிருந்தவரின் பெயரை நாங்கள் கேட்டுவைக்கவில்லை. இந்த மலர் அவர் கைக்குக் கிடைத்தால் எங்கள் வணக்கம் அவருக்கு முதலில். படுக்கைப்புண் வராமல் காத்த உடற்பயிற்சித் தம்பிக்கும், உண்மையைச் சொன்ன டாக்டருக்கும், தண்ணீர்மெத்தை கொடுத்த பக்கத்து வீட்டாருக்கும், வாரம் தவறாமல் வந்த சுடலைமுத்து அண்ணாச்சிக்கும் மண்டி நண்பர்களுக்கும், சலிக்காமல் பார்த்துக்கொண்ட மதினிக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது.

இனி வீட்டுக்கு வருகிறவர்கள் எலுமிச்சம்பழம் மட்டும் கொண்டுவர வேண்டாம். வருகிற பழத்தை அம்மா இப்போதும் அண்ணனின் கட்டிலுக்குத்தான் கொண்டுபோகிறார்கள். இடுப்புப் பக்கம் வைப்பதா, வெளி ஓரத்தில் வைப்பதா என்று கையில் பிடித்தபடி நிற்கிறார்கள். பிறகு நடுமெத்தையில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். நாங்கள் யார் கூப்பிட்டாலும் சாப்பிட வருவதில்லை.